வன்னியில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பெருநிலம் ஆகிய இடங்களில் பைக் ஓடப் பழகுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒன்றாகத் தந்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் தொகைகளைக் குறிப்பிடவில்லை. போகும் நாளில் கவுண்டரில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பாருங்கள்.

லைசன்ஸ் எடுக்கிறதெண்டால் முதல் எங்க போகவேணும்? லேனர்ஸில சேருறது கட்டாயமோ?

முதலில் மெடிக்கல், அதாவது மருத்துவப் பரிசோதனை. அடுத்ததாக மாவட்ட மோட்டார் போக்குவரத்துத் திணைக்களக் காரியாலயத்தில் விண்ணப்பம், பிறகு எழுத்துப் பரீட்சை. அதில் சித்தியடைந்தால் பயிலுநர் அனுமதிப்பத்திரம் தருவார்கள். அதை வைத்து ஓடிப் பழகி, ட்ரயல் என்று எல்லோரும் சொல்கிற செய்முறைப் பரீட்சைக்குப் போகவேண்டும். அதிலும் சித்தியடைந்தால் லைசன்ஸ். இந்த ஒழுங்கு மாறாது.

லேனர்ஸில், அதாவது ஓட்டப் பழக்கும் பாடசாலையில், சேர்ந்தால் படிவம் நிரப்புவது, திகதி எடுப்பது, ட்ரயலுக்கு பைக் தருவது எல்லாவற்றையும் அவர்களே பார்ப்பார்கள். வீட்டில் பைக்கும் பழக்கிவிட ஆளும் இருந்தால் நீங்களே நேரில் விண்ணப்பிக்கலாம். சேருவதென்றால் ஒரு கேள்வியை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்: "எத்தனை நாள் பைக்கில் ஏற்றிப் பழக்குவீர்கள்?" ட்ரயலுக்கு முதல் நாள் ஒருமுறை 8 போட (8 வடிவப் பாதையில் ஓட்ட) வைத்துவிட்டு அனுப்பும் இடத்தில் காசு கட்டிப் பயனில்லை.

எனக்கு இன்னும் 18 ஆகேல்ல. தம்பிமார் எல்லாம் ஓடினம்தானே, உள்ளொழுங்கையில ஓடினா என்ன?

லைசன்ஸ் கையில் கிடைக்க 18 வயது பூர்த்தியாக வேண்டும். ஒழுங்கையும் சட்டப்படி வீதிதான். 2017 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தோடு லைசன்ஸ் இல்லாமல் ஓடுவதற்கான தண்டம் குறைந்தது 25,000 ரூபாவாகிவிட்டது. பைக்கைக் கொடுத்தவரும் பொறுப்பாளி. பெரும்பாலும் அது அப்பாவின் பெயரில் உள்ள பைக்.

தண்டத்தை விடப் பெரிய சிக்கல் காப்புறுதி. ஓட்டியவருக்கு லைசன்ஸ் இல்லை என்ற ஒரே காரணமே, காப்புறுதி நிறுவனம் உங்கள் கோரிக்கையை மறுக்கப் போதும். எதிரே வந்தவருக்குக் கால் உடைந்தால் அந்தச் செலவு வயலை ஈடு வைக்கும் அளவுக்குப் போகக்கூடும்.

ஏ1, ஏ எண்டு ரெண்டு இருக்காம். எனக்கு எது?

ஏ1 என்பது 100 சிசிக்கு மேற்படாத பைக். அதற்கு மேல் எல்லாமே ஏ. ஏ எடுத்தவர் ஏ1 வகை பைக்கும் ஓடலாம், ஆனால் ஏ1 மட்டும் உள்ளவர் ஏ வகை பைக் ஓட முடியாது.

பைக்கின் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். பழைய சிடி 100 பைக் 99 சிசிதான், எனவே அது ஏ1. ஸ்கூட்டி பெப் 90 சிசிக்கும் குறைவு, அதுவும் ஏ1. ஆனால் பார்வைக்குச் சின்னதாகத் தெரியும் டியோ 109 சிசி, அது ஏ. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் கொள்ளளவு என்று எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். எங்கள் அபிப்பிராயம், நேரே ஏ எடுங்கள். இன்று வீட்டில் சின்ன பைக்தான் நிற்கிறதென்றாலும் நாளைக்கு வேலையிடத்தில் 125 அல்லது 150 சிசி பைக் தருவார்கள். அப்போது மறுபடி பரீட்சைக்கு அலைய வேண்டாம்.

என்னட்ட ஓட்டோ லைசன்ஸ் இருக்கு. அதோட பைக் ஓடலாம்தானே?

முடியாது. ஓட்டோ பி1 வகை. லைசன்ஸில் ஏ அல்லது ஏ1 என்ற எழுத்தும் அதற்கெதிரே திகதியும் இருந்தால் மட்டும் பைக் ஓடலாம். இருக்கிற லைசன்ஸில் புது வகையைச் சேர்க்க விண்ணப்பிக்கும் வழி உண்டு. லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) லைசன்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்.

பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வில துலைஞ்சுபோச்சு. அடையாள அட்டை மட்டும் இருக்கு. காணுமோ?

விண்ணப்பத்துக்கு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மெடிக்கல் சான்றிதழ் மூன்றும் வேண்டும். ஒவ்வொன்றின் மூலப்பிரதியையும் ஃபோட்டோக் கொப்பியையும் கொண்டுபோங்கள். பிறப்புப் பதிவு ஏற்கெனவே இருந்து பத்திரம் மட்டும் தொலைந்திருந்தால், பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். அவை தெரியாவிட்டால் பதிவைத் தேடிப் பார்க்கும்படி விண்ணப்பிக்கலாம்.

பிறப்பே பதியப்படவில்லை என்றால் காலங்கடந்த பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழிகள் உண்டு. கிராம சேவகரிடம் தொடங்குங்கள். இது மாதக்கணக்கில் இழுபடக்கூடியது. ஆகவே மெடிக்கலுக்கு முன்பே இதை முடியுங்கள், ஏனென்றால் மெடிக்கல் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்தவர்கள் இரண்டு தடவை மெடிக்கல் கட்டணம் கட்டுகிறார்கள்.

இன்னொன்று, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும் அடையாள அட்டையில் வேறொரு எழுத்துமாக இருப்பது எங்கள் பகுதியில் சாதாரணம். கவுண்டரில் போய் நின்று அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் என்ன கடிதம் தேவை என்று காரியாலயத்தில் முன்கூட்டியே கேட்டுவிடலாம்.

மெடிக்கலில என்ன பார்ப்பினம்? பிரஷர் இருந்தா தரமாட்டினமோ?

தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் கிளையில்தான் செய்யவேண்டும். ஊர் வைத்தியரின் கடிதம் செல்லாது. உயரம், நிறை, கண்பார்வை, நிறங்களைப் பிரித்தறிதல், காது கேட்டல், இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கண்ணாடி போடுபவர் அதைப் போட்டுக்கொண்டே போங்கள். லைசன்ஸில் அது குறிக்கப்படும், பிறகு கண்ணாடி இல்லாமல் ஓடக்கூடாது.

பிரஷரோ சீனியோ இருந்தாலே மறுக்கப்படுவீர்கள் என்றில்லை. கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வழமையான மருந்தை நிறுத்தாமல் போட்டுக்கொண்டு, கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். வலிப்பு இருந்ததை மட்டும் ஒருபோதும் மறைக்காதீர்கள். நாலு சில்லு வாகனத்தில் சில செக்கன் மயக்கத்துக்குப் பிறகும் தப்ப இடமுண்டு. பைக்கில் கிடையாது.

எனக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழ இல்லை, செயற்கைக் கால்தான். விண்ணப்பிக்கலாமோ?

விண்ணப்பிக்கலாம். முடிவு மெடிக்கல் செய்யும் நிறுவகத்தின் வைத்தியருடையது. செயற்கைக் காலை அணிந்துகொண்டு போங்கள், எந்த வாகனம் ஓட விரும்புகிறீர்கள் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். நிபந்தனையோடு அனுமதி வரலாம்.

எந்தக் கால் என்பது முக்கியம். கியர் பைக்கில் வலது கால் பின் பிரேக்குக்கு, இடது கால் கியருக்கு. ஸ்கூட்டியில் இரண்டு பிரேக்கும் கையில்தான், கால் தேவைப்படுவது நிறுத்தும்போது ஊன்ற மட்டும். இடது கால் உறுதியாக உள்ளவருக்கு ஸ்கூட்டி மிகவும் வசதி, ஏனென்றால் நாம் இடது பக்கம் ஓரங்கட்டி இடது காலைத்தான் ஊன்றுகிறோம். ஊன்றும் கால் செயற்கைக் காலாக இருந்தால், பக்கச் சில்லு பூட்டிய வாகனத்தைப் பற்றி வைத்தியரிடமே கேளுங்கள். பக்கச் சில்லைத் திணைக்களத்துக்கு அறிவிக்காமல் கராஜில் பூட்டிவிட்டு ஓடாதீர்கள். பதிவில் இல்லாத மாற்றம் காப்புறுதியையும் கெடுக்கும்.

எழுத்துப் பரீட்சை தமிழில இருக்குமோ? என்ன படிக்கிறது?

தமிழில் எழுதலாம். விண்ணப்பத்தில் மொழியைச் சரியாகக் குறித்தால் போதும். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தெரிய வேண்டும். வீதிச் சைகைப் பலகைகள்தான் பெரும்பகுதி. முதலில் நிறத்தையும் வடிவத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் சாய்சதுரம் எச்சரிக்கை, சிவப்பு வட்டம் தடை, நீல வட்டம் கட்டாயம். இந்த மூன்றும் பதிந்துவிட்டால் தெரியாத பலகையைக் கூட ஊகிக்கலாம்.

பலர் பிழை விடுவது முன்னுரிமைக் கேள்விகளில். சுற்றுவட்டத்தில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி விடவேண்டும். வேகக் கேள்வியிலும் பிழைக்கிறார்கள்: மோட்டார் சைக்கிளுக்குக் குடிமனைப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. வன்னிக் கிராமங்களில் சுற்றுவட்டமும் இல்லை, நிறவிளக்கும் இல்லை. கண்ணால் பார்த்துப் பழகாததால்தான் இவை மறந்துபோகின்றன. ஒருநாள் வவுனியா நகரில் ஒரு சந்தியோரம் அரை மணித்தியாலம் நின்று, யார் யாருக்கு விடுகிறார்கள் என்று பார்த்தாலே பாதி விளங்கும்.

பயிலுநர் பத்திரம் கிடைச்சிட்டுது. இனி டவுனுக்கு ஓடிக்கொண்டு போகலாமோ?

அது பழகுவதற்கான அனுமதி, லைசன்ஸ் இல்லை. வெள்ளைப் பலகையில் சிவப்பு "எல்" எழுத்தை முன்னும் பின்னும் மாட்டவேண்டும். பத்திரத்தில் எழுதியுள்ள நிபந்தனைகளை வாசியுங்கள். முடிவுத் திகதியும் அதில் இருக்கும், ட்ரயலை அதற்குள் முடிக்கவேண்டும். பின்னால் ஆளை ஏற்றாதீர்கள், பழகாத கையில் பின்பாரம்தான் முதலில் விழுத்தும். ஏ9 பிரதான வீதிக்கு ஏறவே வேண்டாம். பள்ளிக்கூட மைதானம், கோயில் வெளி, இறுகிய கிரவல் ஒழுங்கை இவை போதும்.

ஸ்கூட்டியில பழகிறதோ கியர் பைக்கில பழகிறதோ?

நாளைக்கு எதை ஓடப் போகிறீர்களோ அதில். முடிவு செய்யாதவர்கள் கியரில் பழகுங்கள். கியர் பழகியவருக்கு ஸ்கூட்டி ஓட ஒரு மணித்தியாலம் போதும், மறுபக்கம் அப்படியில்லை. ஸ்கூட்டியில் 8 போடுவது சுலபம் என்று நினைப்பார்கள். கியரும் கிளச்சும் இல்லாததால் காலுக்கு வேலை குறைவு, உண்மைதான். ஆனால் மெதுவாகப் போகும்போது வேகத்தைப் பிடித்து வைக்க கிளச் இல்லை, பின் பிரேக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டே எக்சிலேட்டர் கொடுக்கப் பழகவேண்டும்.

8 போடேக்குள்ள ஒவ்வொருக்காலும் கால் நிலத்தில படுது. என்ன பிழை?

பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கண்ணில்தான் பிழை. முன் சில்லைப் பார்த்து ஓடுகிறீர்கள். பைக் கண் போகும் பக்கம் போகும். வளைவுக்குள் நுழையும்போதே தலையைத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். நடுவில் கோடு வெட்டும் இடத்துக்கு வருமுன் அடுத்த வட்டத்தின் தூரக் கரையைப் பார்க்கத் தொடங்குங்கள்.

அடுத்தது வேகம். பயத்தில் எக்சிலேட்டரை முழுதாக விட்டுவிடுகிறார்கள், பைக் சாய்கிறது, கால் போகிறது. முதலாம் கியர், எக்சிலேட்டரைச் சிறிது திறந்து அப்படியே அசையாமல் வைத்திருங்கள். வேகத்தைக் கிளச்சால் கட்டுப்படுத்துங்கள், கிளச் பிடிக்கத் தொடங்கும் அந்தப் புள்ளியிலேயே விரல்கள் நிற்கட்டும். வலது கால் பின் பிரேக்கில் இலேசாக இருக்கட்டும். ஹாண்டில் வளைந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது, தொட்டால் அந்தப் பக்கமே விழும். முழங்கால்கள் டாங்கியை அணைத்திருக்கட்டும். பைக் உள்ளே சாயலாம், உங்கள் உடம்பு நிமிர்ந்து இருக்கட்டும்.

பழகும் முறை: இரண்டு செங்கல்லை 8 மீற்றர் இடைவெளியில் வைத்து அவற்றைச் சுற்றி 8 போடுங்கள். பத்துத் தடவை கால் படாமல் வந்தால் 7, பிறகு 6, பிறகு 5. மணலில் பழகவேண்டாம், முன் சில்லு புதையும். பாதிக் கிளச்சில் தொடர்ந்து ஓடினால் கிளச் தட்டுகள் சூடேறும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். ட்ரயல் தளத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும். முடிந்தால் முன்னொரு ட்ரயல் நாளில் போய் வேலியோரம் நின்று பாருங்கள்.

ட்ரயலண்டைக்கு என்ன கொண்டு போறது?

பயிலுநர் பத்திரம், அடையாள அட்டை, ஹெல்மட். பைக்குக்கு வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் காலாவதியாகாமல் இருக்கவேண்டும். நீங்கள் விண்ணப்பித்த வகைக்கு ஏற்ற சிசி உள்ள பைக்கா என்றும் பாருங்கள். ஏ கேட்டுவிட்டு 99 சிசி பைக்கோடு போனால் திருப்பி அனுப்பப்படுவீர்கள்.

முதல் நாள் பின்னேரம் பைக்கைப் பாருங்கள். முன் டயருக்கு 25, பின் டயருக்கு 28 பி.எஸ்.ஐ. அளவில் காற்று, சரியான எண் செயின் கவரிலோ கைநூலிலோ இருக்கும். காற்றுக் குறைந்த முன் டயரோடு 8 போடுவது பெரும்பாடு. கிளச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை தளர்வு இருக்கட்டும். செயின் 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆடலாம், அதற்கு மேல் தொங்கினால் மெதுவாகப் போகும்போது பைக் உதறும். இரண்டு கண்ணாடி, இரண்டு பக்கச் சிக்னல், பிரேக் விளக்கு, ஹோர்ன் எல்லாம் வேலை செய்யவேண்டும். கடன் வாங்கிய பைக்கென்றால் அதிலேயே குறைந்தது இரண்டு நாள் ஓடிப் பாருங்கள்.

கைச் சைகை கேட்டால் பதறாதீர்கள். சைகை காட்டுவது வலது கை, எக்சிலேட்டரும் வலது கை. ஆகவே கையை எடுக்குமுன் நேராக்கி, கொஞ்சம் வேகம் எடுத்து, பிறகு எக்சிலேட்டரை மூடிக் கையை நீட்டவேண்டும். மிக மெதுவாகப் போகும்போது கையை எடுத்தால் பைக் ஆடும்.

பரீட்சகர் சிங்களத்தில சொன்னா எனக்கு விளங்காதே?

தமிழில் சொல்லும்படி கேட்பது உங்கள் உரிமை, மரியாதையாகக் கேளுங்கள். ஆனாலும் நாலு சொல் தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். வமட என்றால் இடது, தக்குணட என்றால் வலது, கெலின்ம என்றால் நேரே, நவத்தன்ன என்றால் நிறுத்துங்கள். விளங்காவிட்டால் ஊகித்துத் திரும்பாமல் ஓரமாக நிறுத்தித் திரும்பக் கேளுங்கள்.

ஃபெயில் விட்டா திரும்ப எல்லாம் முதலில இருந்தோ?

இல்லை. ட்ரயலில் தவறினால் கட்டணம் கட்டி வேறு திகதி எடுத்து ட்ரயல் மட்டும் செய்யலாம், பயிலுநர் பத்திரம் உயிரோடு இருக்கும் வரை. எழுத்துப் பரீட்சைக்கும் மறுதரம் உண்டு. திகதி எடுக்குமுன் ஏன் தவறினீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கால் பட்டதா, கோடு தாண்டியதா, கண்ணாடி பார்க்காமல் திரும்பியதா என்பதைப் பொறுத்து அடுத்த பயிற்சி மாறும்.

ஒராள் காசு தந்தா ட்ரயல் இல்லாமலே எடுத்துத் தாறன் எண்டுறார்.

கொடுக்காதீர்கள். அது குற்றம், உங்கள் காசும் போகும். எல்லாக் கட்டணத்துக்கும் பற்றுச்சீட்டு உண்டு, பற்றுச்சீட்டு இல்லாத காசு யாருடைய பையிலோதான் போகிறது. அப்படி எடுத்த ஒருவர் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகளுக்கு நடுவே பைக்கை ஓட்டப் போகிறார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் பாஸ். அட்டை இன்னும் வரேல்ல. ஓடலாமோ?

அட்டை வரும்வரை திணைக்களம் தரும் தற்காலிக அனுமதிப்பத்திரத்தோடு ஓடலாம். அதன் முடிவுத் திகதியைக் கவனியுங்கள், மழையில் நனையாமல் உறைக்குள் வையுங்கள். அட்டை வந்தபின் இலகு வாகன வகைகளுக்கு 8 வருடம் செல்லும்.

எந்த ஹெல்மட் வாங்கிறது? சீலை, சோலோட ஓடலாமோ?

எஸ்.எல்.எஸ். 517 தர முத்திரை உள்ளது, முகம் முழுதும் மூடுவது. போட்டு நாடிப் பட்டியைப் பூட்டியபின் தலையை உதறினால் ஹெல்மட் தனியாக ஆடக்கூடாது, கன்னத்தை இறுக்கிப் பிடிக்கவேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்டது வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே நொறுங்கியிருக்கும், மாற்றுங்கள். பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம்.

ஓடும் பெண்கள் சோலின் (சால்வையின்) இரு நுனியையும் இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், அல்லது பையில் வையுங்கள். கழுத்தில் சுற்றிய சோல் பின் சில்லில் சிக்கினால் ஒரு செக்கனில் கழுத்தை இறுக்கும். பின்னால் சீலையோடு இருப்பவருக்கு சீலைக் காப்பு பூட்டிய பைக்காக இருக்கட்டும்.

லைசன்ஸ் கிடைச்ச பிறகு ஏ9 இல ஓடப் பயமாக் கிடக்கு. எதைக் கவனிக்கிறது?

வன்னியில் ஆபத்து நகர நெரிசலில் இல்லை, வெறுமையான நேர் வீதியில்தான். மாங்குளம், முறிகண்டிப் பக்கம் வீதி நேராகக் கிடக்கும், வேகம் ஏறுவது தெரியாது. இருட்டில் சாதாரண பைக்கின் தாழ் வெளிச்சம் ஏறக்குறைய 40 மீற்றர்தான் காட்டும். 60 இல் போனால் ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடுகிறீர்கள். மாட்டைக் கண்டு மனம் முடிவெடுக்க ஒரு செக்கன், பிறகு புதியவர் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 25 முதல் 30 மீற்றர். கணக்கு நீங்களே பாருங்கள், மாடு முந்திவிடும். இரவில் 45 ஐத் தாண்டாதீர்கள். மழை நாளில் மாடுகள் காய்ந்த தாரில்தான் படுக்கும். பின் விளக்கில்லாத ட்ரக்டர் பெட்டிகள் அறுவடைக் காலத்தில் இரவிரவாகப் போகும், வீதியோரம் நெல்லும் காயப்போட்டிருப்பார்கள். நெல்மணிக்கு மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். புளியங்குளம், நெடுங்கேணிப் பக்கம் யானையும் வரும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தித் திரும்புங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள்.

தாரிலிருந்து கிரவலுக்கு இறங்கும்போது வேகத்தைத் தாரிலேயே குறைத்துவிடுங்கள். கிரவலில் முன் பிரேக்கை மிக இலேசாகவும் பின் பிரேக்கைக் கூடுதலாகவும் பாவியுங்கள். தாரில் இதற்கு மாறு, நிறுத்தும் பலத்தின் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான். பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓடுபவர்கள்தான் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். 8 பழகிய அதே மைதானத்தில் 30 இல் வந்து இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை அழுத்தி அழுத்திக் கூட்டி நிறுத்தப் பழகுங்கள்.

ஏ9 இலிருந்து ஊருக்குள் இறங்கும் பல வீதிகள் தண்டவாளத்தைத் தாண்டுகின்றன. படலை இல்லாத கடவையில் நிறுத்தி, எஞ்சின் சத்தத்தைக் குறைத்து, ஹெல்மட் கண்ணாடியைத் தூக்கி இரண்டு பக்கமும் பாருங்கள். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்கவேண்டும், சாய்வாகப் போனால் ஈரத்தில் சில்லு வழுக்கும். ஆனையிறவில் சோழகக் காலத்தில் பக்கக் காற்றுத் தள்ளும். கைகளைத் தளர்வாக வைத்து, வேகத்தைக் குறைத்து, லொறி கடந்துபோகும் கணத்தில் காற்று நின்று மறுபடி அடிக்கும் என்பதை எதிர்பார்த்து ஓடுங்கள்.

பொலிஸ் மறிச்சுத் தண்டம் எழுதினா என்ன செய்யிறது?

ஓரமாக நிறுத்தி, லைசன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றையும் காட்டுங்கள். அந்த இடத்தில் எழுதும் தண்டமென்றால் லைசன்ஸை வாங்கிக்கொண்டு ஒரு பத்திரம் தருவார்கள், அதுவே தற்காலிக லைசன்ஸ். அதிலுள்ள 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்து லைசன்ஸை மீட்கவேண்டும். நாள் தவறினால் தண்டம் கூடும், அதன் பிறகும் கட்டாவிட்டால் நீதிமன்றம் போகும். குடித்துவிட்டு ஓடுவது, லைசன்ஸோ காப்புறுதியோ இல்லாமல் ஓடுவது போன்றவை தபாற்கந்தோரில் தீராது, நேரே நீதிமன்றம்தான்.

கனடாவில இருந்து அண்ணா வாறார். அங்கத்தை லைசன்ஸோட என்ர பைக்கை ஓடலாமோ?

அதை மட்டும் காட்டி ஓட முடியாது. சர்வதேசப் பத்திரத்துக்கு இங்கே அங்கீகாரம் பெறவேண்டும், அல்லது திணைக்களத்திடம் தற்காலிக லைசன்ஸ் எடுக்கவேண்டும். அவருடைய லைசன்ஸில் மோட்டார் சைக்கிள் வகை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பலருக்குக் கார் மட்டும்தான் இருக்கும். அங்கே வலப்பக்கம் ஓடிப் பழகியவர், வெறும் வீதியில் திரும்பும்போது கை தானாக வலப்பக்கம் இழுக்கும். பைக்கின் சொந்தக்காரர் நீங்கள் என்பதால் இரண்டாவது பதிலில் சொன்ன பொறுப்பு உங்களுக்கும் வரும்.

லைசன்ஸ் எடுத்த கையோட மனிசியையும் ரெண்டு பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு கோயிலுக்குப் போகலாமோ?

பின்னால் ஒருவர்தான். டாங்கிக்கு மேல் பிள்ளையை இருத்துவது மிகவும் ஆபத்து. பிரேக் பிடித்தால் பிள்ளை ஹாண்டிலுக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவே நசியும், ஹாண்டிலைத் திருப்பவும் இடமிராது. நாலு பேருக்கு ஓட்டோ பிடியுங்கள், அல்லது பஸ்.

ஒருவரை ஏற்றுவதற்கும் முதல் ஒரு மாதம் தனியே ஓடிப் பழகுங்கள். ஏற்றும் நாளில் பின் டயருக்கு கைநூலில் ஆள் பாரத்துக்குச் சொன்ன அளவு காற்று அடியுங்கள், பெரும்பாலும் 4 அல்லது 5 பி.எஸ்.ஐ. கூட வரும். நிற்க எடுக்கும் தூரம் கூடும், முன்னால் போகும் வாகனத்திலிருந்து இன்னும் தள்ளி ஓடுங்கள். பின்னால் ஏறுபவர் நீங்கள் இரண்டு காலும் ஊன்றி "ஏறுங்கோ" என்று சொன்ன பிறகே ஏறவேண்டும், இறங்குவதும் அப்படியே.